போனட்டில் பதினான்கு நம்பர்

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் இருக்கும் நம்பரம்மாவை உலுக்கி, "நாலு ஒண்ணு நாலு ஒண்ணு ஏழு என்ன?" என்று கேட்டால், "பின்சக்கர பிரேக் ரிவிட், பெரிய சைஸ், மூணாவது ரேக், கீழ்த்தட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இப்படிக் கேட்டுப் பார்த்தவன் அவள் புருஷன்தான். கல்யாணமான புதிதில் விளையாட்டுக்குக் கேட்டான். சொன்னது சரிதானா என்று மறுநாள் டிப்போவுக்கே போய், மூன்றாவது ரேக்கின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்துவிட்டும் வந்தான். ரிவிட் அங்கேதான் இருந்தது. அதற்கப்புறம் அவள் எந்த நம்பரைச் சொன்னாலும் குனிந்து பார்ப்பதை அவன் விட்டுவிட்டான்.

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் அவளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். பதினோராயிரம் சாமானுக்கு நம்பர் உண்டு, அத்தனையும் தலைக்குள் இருக்கிறது. மெக்கானிக்குகள் வந்து "அந்த வளைஞ்ச மாதிரி ஒண்ணு, இந்தப் பக்கம் பல்லு இருக்குமே" என்று கையை ஆட்டினால் போதும், நம்பரைச் சொல்லி, எடுத்து நீட்டிவிடுவாள். மேலதிகாரிகள் அவளைக் கண்டுகொண்டதில்லை. கிடங்கில் வேலை செய்பவர்களை வேலை கெடும்போது மட்டும்தான் மேலே இருப்பவர்களுக்கு ஞாபகம் வரும்.

புருஷனுக்கு டிங்கர் வேலை. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, இற்றுப்போனதை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டுவது. தெருவில் எல்லோருக்கும் அவன் டிங்கர்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதைப் பட்டறையாக்கியிருந்தான். கதவில் ஒடுக்கு இருக்கிறதா என்று பார்க்க அவனுக்குக் கண் தேவையில்லை. உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போவான், ஓரிடத்தில் நிற்பான், "இங்க ஒரு அடி வாங்கியிருக்கு" என்பான். நாலு பேர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டினால் அடி வாங்கியிருக்கும். கொட்டகையின் ஒரு மூலையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு சீட் தைப்பவன் நம்பரம்மாவின் தம்பி. வாய்க்குள் நூலும் ஊசியும் இருக்கும்போதுகூட அவன் பேச்சு நிற்காது.

இந்த மூன்று பேரிடமும்தான் பல் டாக்டர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. ரெண்டே கதவு, தவளை உட்கார்ந்த மாதிரி உருவம். இன்ஜின் பின்னால் இருக்கும், முன்னால் போனட்டைத் திறந்தால் பெட்டி வைக்கத்தான் இடம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி எங்கேயோ செய்தது. ஆறு கை மாறி டாக்டரிடம் வந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு எதையாவது ஒடித்தும் ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

"கம்பெனி வாசலைத் தாண்டின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்," என்றார் டாக்டர். "அழகா வேணும்னு கேக்கல. அதே மாதிரி வேணும். சின்ன வயசுல இதோட படத்தை நோட்டுப் புத்தகத்துல ஒட்டி வெச்சிருந்தேன். அது நெஜமாவே எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துடணும்."

"அது எப்படி சார் தெரியும்? நாம என்ன பிரசவம் பாத்தோமா?" என்றான் சீட்டுக்காரத் தம்பி.

டாக்டர் போனட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். அந்தக் கம்பெனியில் கார் வாங்குபவர் இன்னின்னது வேண்டும் என்று கேட்கலாம். கேட்ட ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கத்தில் ஒரு நம்பர். எல்லா நம்பரையும் வரிசையாக அச்சடித்து போனட்டுக்கு அடியில் ஒட்டி அனுப்புவார்களாம். இந்த ஸ்டிக்கரின் மேல்பாதி, காரின் சொந்த எண் இருக்க வேண்டிய இடம், கிழிந்து போயிருந்தது. கீழ்ப்பாதியில் பதினான்கு நம்பர். கடைசி நம்பரின் மேல் பழைய பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து காய்ந்து கிடந்தது.

எந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல, டாக்டர் தேடிப் பிடித்த ஒரு தலையணைப் புத்தகம் இருந்தது, ஆனால் அது அந்த நாட்டு மொழியில். டாக்டர் மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார். நம்பரம்மா அதை வாங்கிப் புரட்டினாள். எழுத்து புரியவில்லை, ஆனால் நம்பர் எந்த ஊரிலும் நம்பர்தானே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிப்போ கவுண்டருக்குப் பின்னால், ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் படித்தாள். சீட் படம் போட்ட பக்கங்களில் எல்லாம் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது, அப்படியானால் அதுதான் சீட். கண்ணாடிப் படங்களில் இன்னொரு சொல். முன் என்பதற்கு ஒன்று, பின் என்பதற்கு ஒன்று. நாலாம் நூறில் தொடங்குவதெல்லாம் உட்கார்கிற சாமான், அஞ்சாம் நூறு வெளிச்சமும் கண்ணாடியும், ஆறாம் நூறு கூரையும் பாட்டுப் பெட்டியும். மூன்று வாரத்தில், ஒருத்தரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த மொழியில் அறுபது வார்த்தை அவளுக்கு வசமாகிவிட்டது. இதைச் செய்துவிட்டு அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி சாயங்காலம் வந்து துணி துவைத்தாள். அந்த மனுஷிக்கு யாராவது ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

மாலை விழவில்லை, ஆனால் ஒரு சனிக்கிழமை கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். டாக்டர் வந்திருந்தார், டிப்போவிலிருந்து ரெண்டு பேர் வந்திருந்தார்கள். நம்பரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் படித்தாள். "முதல் நம்பர், பின் கண்ணாடிக்கு வைப்பர். ரெண்டாவது, பந்தயக் கார் சீட், ரெண்டு பக்கமும். மூணாவது..." பதின்மூன்று நம்பருக்கும் அர்த்தம் சொன்னாள். டாக்டர் கைதட்டினார். டிங்கர் கைகளைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். அவன் வாயெல்லாம் பல். டாக்டரே அன்றைக்கு அவ்வளவு பல்லைப் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் பதினோரு மாதம் வேலை நடந்தது. காரில் இருந்த சாதா சீட்டுகளைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். பந்தய சீட்டுகளை டாக்டர் எங்கெங்கோ சொல்லி வைத்துக் கப்பலில் வரவழைத்தார். நைந்திருந்த அவற்றின் தோலைத் தம்பி பிரித்து, பழைய தையலின் துளைகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் புதுத்தையல் போட்டான். டிங்கர் தரைத்தகட்டில் இற்றுப்போன ஓரங்களை மட்டும் வெட்டி மாற்றினான். கோடையில் தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்தது. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, சுத்தியலின் ஓசையைக் கேட்டே தகட்டின் கனத்தைத் தெரிந்துகொண்டு, அவன் ஒவ்வொரு அடியாக அடித்தான். நம்பரம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அலுக்காத காட்சி அது.

பின் வைப்பருக்கு ஓட்டை போட வேண்டிய நாளில் மட்டும் அவன் கொஞ்சம் தயங்கினான். ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு காரை ரெண்டு சுற்று சுற்றினான். சமையலறை வாசலுக்கு வந்து, "நல்லாப் பாத்தியா?" என்றான்.

"பாத்தாச்சுங்க," என்றாள்.

உள்ளே டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டிங்கர் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சற்று நேரத்தில் ட்ரில் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்து, ஞாயிறு காலை பத்து மணிக்கு டாக்டர் வண்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சனிக்கிழமை நம்பரம்மாவுக்கு டிப்போவில் அரை நாள் லீவு. டிங்கர் கதவு ரப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் மழை விழுந்தால் கொட்டகைக்குள் கத்தித்தான் பேச வேண்டும்.

அவளுக்கு அந்தப் பதினான்காவது நம்பர் உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டியலில் ஒரு வரி காலியாக விட்டுக் கொடுப்பது அவள் சுபாவத்தில் இல்லை. பஞ்சை தின்னரில் நனைத்து, குச்சியில் சுற்றி, பெயின்ட் சொட்டை ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். அழுத்தினால் கீழே இருக்கும் மையும் வந்துவிடும். ஒன்றரை மணி நேரம். முதலில் ஒரு ஆறு தெரிந்தது. அப்புறம் ஒரு ஐந்து. அப்புறம் சைபர்.

"டேய், கெடைச்சிடுச்சுடா!" என்று கத்தினாள். நோட்டைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆறு அஞ்சு சைபர்! கூரையில தொறக்கிற ஜன்னல்!"

தையல் மெஷினிலிருந்து தம்பி நிமிர்ந்தான். "எந்தக் கூரைல?"

அவள் காரின் கூரையைப் பார்த்தாள். பளபளவென்று, முன்னிருந்து பின்வரை ஒரே தகடு. கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"யாராவது அடைச்சிருப்பாங்களா?" என்றாள். மழையில் அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"கூரைத் துணியைப் பிரிச்சதே நான்தானேக்கா? உள்ள குறுக்குக் கம்பி பழைய துரு, பழைய பெயின்ட். ஒருத்தன் கை பட்ட அடையாளம் இல்ல. அது பொறந்ததுலேருந்து மூடின கூரைதான்." சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா... அப்ப இந்த போனட்..."

"வேற வண்டியோடது," என்றாள். "எங்கேயோ இடிச்சு, போனட் நசுங்கி, வேற வண்டிலேருந்து கழட்டி மாட்டியிருக்காங்க. ஸ்டிக்கரும் அதோடயே வந்திருக்கு. நான் உக்காந்து படிச்சதெல்லாம் எவனோ ஒருத்தன் வண்டி ஜாதகம்."

தம்பி ஊசியை வாயிலிருந்து எடுத்தான். அவன் அப்படிச் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஆனாலும் சொன்னது சின்னத்தனமாகத்தான் இருந்தது. "ஒரு சொட்டு பெயின்ட்தானேக்கா? அதே இடத்துல மறுபடி வெச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது? டாக்டருக்குப் படிக்கத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. இந்த ஊர்ல படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்."

பெயின்ட் டப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். டீ ஆறுகிற நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் குத்தியது வேறொன்று. டிப்போவில் லேபிள் கிழிந்து வந்த பெட்டியை அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை. "பேரு இல்லாத பொட்டி எனக்கு வேணாம்" என்று லாரிக்காரனோடு எத்தனை முறை மல்லுக்கு நின்றிருக்கிறாள். இங்கே மேல்பாதி கிழிந்த ஸ்டிக்கர் கண்ணெதிரே இருந்தது, கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படிக்க வருகிறது என்கிற சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போய்விட்டது.

டிங்கர் நனைந்தபடி, ரப்பர் சுருளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த போனட் இந்த வண்டியோடது இல்லீங்க. நான் படிச்சது பூரா தப்பு வண்டிக்கு."

அவன் ரப்பர் சுருளை ஆணியில் மாட்டினான். தலையைத் துவட்டினான். "ம்," என்றான்.

"என்ன ம்?"

"வைப்பருக்கு ஓட்டை போட்ட அன்னிக்கே தோணுச்சு."

"என்ன தோணுச்சு?" மழைச் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது. மெதுவாகச் சண்டை போடக்கூட அந்தக் கொட்டகையில் வழியில்லை.

"ட்ரில் வெக்கிறதுக்கு முன்னாடி பெயின்டச் சொரண்டிப் பாத்தேன். மொதல்ல வைப்பர் இருந்து எவனாவது எடுத்திருந்தா, ஓட்டையை அடைச்ச தழும்பு இருக்கணுமில்ல? தகடு பச்சப் புள்ள தோலு மாதிரி இருந்துச்சு. ஊசி குத்தின தடம்கூட இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் ஓட்டை போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா போட்டீங்க?"

"நீ பாத்தாச்சுன்னு சொன்னியே."

"நான் சொன்னா? நான் கெணத்துல குதிங்கன்னா குதிப்பீங்களா?"

"கெணறு வேற. இது நம்பர். நம்பர்ல நீ தப்பு பண்ணி நான் பாத்ததில்ல."

"சீட்டு?"

"அதுவும் உக்காரல," என்றான் டிங்கர், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "நாலு ஓட்டையையும் அரம் போட்டு இழுத்துத்தான் போல்ட்ட எறக்கினேன். கம்பெனியில போட்டதுன்னா வெண்ணெயில கத்தி மாதிரி எறங்கியிருக்கணும்."

"மாமா, என்கிட்டகூட சொல்லலையே!" என்றான் தம்பி. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை?"

"சொல்லத்தான் சமையக்கட்டுக்கு வந்தேன்." டிங்கர் துண்டைப் பிழிந்தான். ஏற்கெனவே பிழிந்த துண்டு அது. "உள்ள டாக்டர் உக்காந்திருந்தார். 'இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க இந்த நாட்டுல வேற யாரும் இருக்க மாட்டாங்கம்மா'ன்னு சொல்லிட்டிருந்தார். உன் மூஞ்சியைப் பாத்தேன். பதினெட்டு வருசமா அந்த டிப்போல தூசியைத் தின்னிருக்க. ஒருத்தன் உன்னை உக்கார வெச்சு நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. தகடு எங்க போகப்போகுது, அப்பறம் அடைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

மழை சொல்லிவைத்தாற்போல் அந்த இடத்தில் நின்றது. நம்பரம்மாவுக்கு அது தெரியவில்லை, அதே கத்தலில் கத்தினாள்.

"என்னை மெச்சி மெச்சியே என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தியபோது அது உடைந்துவிட்டது.

"உங்க கைக்குத் தெரிஞ்சதை நீங்க வாயைத் தொறந்து சொல்லலைன்னா, நான் யாரை நம்பிங்க நம்பர் படிக்கிறது? நான் சொல்றதுல பாதிதான் எனக்குத் தெரியும். மீதி சரியா இருக்கும்னு நான் நெனச்சதே, தப்பா இருந்தா நீங்க சொல்வீங்கன்னுதானே."

ராத்திரி டிங்கர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். அவள் சமையலறையிலேயே சாப்பிட்டாள். தம்பி ரெண்டு இடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே சாப்பிட்டான், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வம்பு என்று.

ஞாயிறு பத்து மணிக்கு டாக்டர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு டப்பா நிறைய பிஸ்கட். காரைச் சுற்றி வந்தபோது அவர் முகம் சின்னப் பையன் முகமாகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது நம்பரம்மாவுக்கு. சொன்னாள். போனட்டைத் திறந்து ஆறு அஞ்சு சைபரைக் காட்டினாள், அப்புறம் கூரையைக் காட்டினாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். அதைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அந்த சீட்டுக்கு எத்தனை பேருக்கு எழுதினேன் தெரியுமா?" என்றார் கடைசியில். கோபமாகத்தான் சொன்னார், கோபப்பட அவருக்கு உரிமையும் இருந்தது. "பதினோரு மாசம். யாரோ ஒருத்தர் வண்டியைச் செஞ்சு வெச்சிருக்கீங்க."

"தப்பு என்னோடது டாக்டர். கிழிஞ்ச ஸ்டிக்கரை நான் நம்பியிருக்கக் கூடாது."

"இல்ல சார்," என்றான் டிங்கர் முன்னால் வந்து. "இவ படிச்சது சரி. வண்டி ஒத்துக்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஓட்டை போட்டது நான்."

டாக்டர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் ஒத்துக்கோங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நான் யாரைத் திட்டுறது?"

யாரும் சிரிக்கவில்லை, ஆனால் கொட்டகைக்குள் மூச்சு விட முடிந்தது.

"கம்பெனிக்கே எழுதலாம்," என்றாள் நம்பரம்மா. "தரைத்தகட்டுல வண்டியோட சொந்த எண் வெட்டியிருக்கு. அது மாறாது. ஸ்டிக்கர் இருக்கேன்னு அப்பவே எழுதாம விட்டோம். பதில் வர ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் வரைக்கும்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "இவரைக் கேளுங்க," என்றாள். "வண்டி இங்கதானே நிக்குது. இவர் கை படிக்கும்."

டிங்கர் கூச்சத்தோடு நின்றான். நம்பரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அவன் ஆரம்பித்தான்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். டிங்கர் கதவுத் துணியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். "ஸ்பீக்கர் ஓட்டை. விளிம்பு உள்பக்கமா மடங்கியிருக்கு. இது அச்சுல அடிச்சது, ஆள் வெட்டினா இப்படி வராது. பாட்டுப் பெட்டி கம்பெனியிலேயே இருந்திருக்கு, எழுதிக்க." நம்பரம்மா புத்தகத்தைப் புரட்டாமலே நம்பரை எழுதினாள். முன் பக்கத் தகட்டைத் தடவினான். "ஏரியல் கம்பிக்கு ஓட்டை இல்ல, எப்பவும் இருந்ததில்ல." அவள் யோசித்தாள். "பாட்டுப் பெட்டி இருந்து ஏரியல் இல்லைன்னா, ஏரியல் முன் கண்ணாடிக்குள்ள இருக்கணும்ங்க." டாக்டர் ஓடிப்போய்க் கண்ணாடியை வெளிச்சத்தில் பார்த்தார். மயிரிழைக் கம்பி ஒன்று கண்ணாடிக்கு நடுவில் ஓடியது. இத்தனை நாள் அதைக் கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

பரணிலிருந்து பழைய சீட்டுகளை இறக்கி வைத்தார்கள். தம்பி அவற்றைப் பிளாஸ்டிக் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான். போல்ட் பதிந்த வட்டத் தழும்பு தரையில் இருந்த பழைய தழும்போடு அச்சாகப் பொருந்தியது. சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிக் கையை விட்ட டிங்கர், பழைய கறுப்பு டேப் சுற்றிய ஒயர் ஒன்றை வெளியே இழுத்தான். "பக்கத்து சீட்டுக்கு மட்டும் கரன்ட் வந்திருக்கு. ஓட்டுறவர் சீட்டுக்கு வரல. பக்கத்துல உக்காந்தவங்களுக்கு சீட்ட ஏத்தி எறக்க மோட்டார்." தம்பி அந்த சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தான். அதன் அடியில் நாலு ஸ்க்ரூ ஓட்டை. மோட்டாரை என்றைக்கோ எவனோ கழற்றித் தின்றிருந்தான்.

"புருஷன் ஓட்டியிருக்கான், பொண்டாட்டிக்கு வெளிய தெரியணும்னு சீட்ட உசத்தியிருக்கான்," என்றான் தம்பி.

"பொண்டாட்டி ஓட்டியிருப்பா, புருஷன் குள்ளமா இருந்திருப்பான்," என்றாள் நம்பரம்மா, எழுதிக்கொண்டே.

பின்பக்கம் போனார்கள். வண்டியின் பெயர்ப் பட்டை ஒட்டும் இடத்தில் டிங்கர் வெகுநேரம் உள்ளங்கையை வைத்திருந்தான். "ஆணி ஓட்டையும் இல்ல, பசையும் இல்ல. பேரே ஒட்டல சார்."

"பேர் இல்லாமயா? இந்த வண்டிய வாங்கறதே அந்தப் பேருக்குத்தானே?" என்றார் டாக்டர்.

"அதுக்கு நம்பர் இருக்கு டாக்டர்," என்றாள் அவள். "வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்காங்க. யாரோ ஒருத்தருக்கு இது என்ன வண்டின்னு ஊருக்குச் சொல்லிக்க இஷ்டமில்ல."

கியர் பெட்டிக்கு வந்ததும் டிங்கர் கையை எடுத்துவிட்டான். "இது என் வேலை இல்ல. தெரியாது." அந்த 'தெரியாது'வைக் கேட்டபோது நம்பரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நோட்டில் அந்த வரியைக் காலியாகவே விட்டாள்.

மதியம் ரெண்டு மணிக்கு ஒன்பது நம்பர் சேர்ந்திருந்தது. டாக்டர் மதியத்து நோயாளிகளை மறந்தே போயிருந்தார். "வாயைத் தொறந்தா ஒரு ஆளோட பாதி வாழ்க்கையை நான் சொல்வேன்," என்றார். "இவர் வாயே இல்லாததுகிட்ட கேட்டுட்டாரே. வண்டி இருக்கட்டும். எப்ப முடியுதோ அப்ப முடியட்டும்." பிஸ்கட் டப்பாவைத் திறந்து முதல் பிஸ்கட்டை டிங்கருக்கு நீட்டினார்.

பதில் ஒன்பதாவது வாரம் வந்தது. அதற்குள் டிங்கர் வைப்பர் ஓட்டையைத் தகடு வைத்து மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்திருந்தான். அவனே தேடினாலும் கை நிற்கவில்லை. நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் அவன் பின்சக்கர வளைவுக்கு அடியில் மல்லாந்து கிடந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. நம்பரம்மா உறையைக் கிழித்து, நம்பர் போடாமல் வெறும் வார்த்தையில் எழுதிய, கம்பெனி முத்திரை குத்திய தாளை ஒரு கையிலும் தன் நோட்டை இன்னொரு கையிலுமாக வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாட்டுப் பெட்டி. சரி," என்றாள். "ஏரியல் கண்ணாடியில. சரி. பேர்ப் பட்டை வேணாம். சரிங்க! வேணாம்னே போட்டிருக்கான்!"

வண்டிக்கு அடியிலிருந்து சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது.

"சீட்டு..." அவள் நிறுத்தினாள். தாளை மறுபடி பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இது மட்டும் ஒத்துக்கலீங்க. நீங்க பக்கத்து சீட்டுக்கு மோட்டார்னு சொன்னீங்க. இதுல ஓட்டுறவர் சீட்டுன்னு இருக்கு. பரவாயில்ல. ஒம்பதுல ஒண்ணுதானே..."

சுரண்டல் நின்றது.

"தப்பு," என்றான் டிங்கர்.

"இல்லீங்க, கம்பெனியே அடிச்சு அனுப்பின..."

"கம்பெனி தப்பா அடிக்கல. நீ தப்பாப் படிக்கிற. மறுபடி பாரு."

அவன் வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. கால் அப்படியே கிடந்தது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு நம்பரைப் பற்றி அவன் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. மூலையில் தம்பி மெஷினை நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தான், இன்றைக்கும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டுமோ என்று.

நம்பரம்மா மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். தாளில் ஓட்டுபவர் என்ற சொல்லே இல்லை. வலது பக்க சீட் என்றுதான் இருந்தது. டிப்போவில் நிற்கிற எல்லா பஸ்ஸுக்கும் வலது பக்கம்தான் டிரைவர், அந்தப் பழக்கத்தில் அவளாகவே டிரைவரைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டாள். கடல் தாண்டி வந்த இந்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். பதினோரு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து டீ கொடுத்தவளுக்கு, தாளைப் பிரித்ததும் டிப்போதான் கண்ணில் நின்றிருக்கிறது.

நியாயமாக அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி, லேசாகி, உட்கார்ந்தது. இத்தனை வருஷம் தனியாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்குத் துணைக்கு ஆள் வந்தாற்போல இருந்தது.

"ஆமாங்க," என்றாள். "தப்பாத்தான் படிச்சேன்."

"சரி," என்றது வண்டிக்கு அடியிலிருந்த குரல். "அடுத்ததப் படி."